புது ஸ்பிரிங் போட்டும் வலது பக்கமே சாயும் 110

4 மே 2024, சனி இரவு

1996 லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, 300 டிடிஐ இன்ஜின், ஹார்ட்டாப். வலது பக்கம், அதாவது டிரைவர் பக்கம், சாய்ந்து நிற்கிறது. பின்னால் நின்று பார்த்தால் கள்ளுக்கடையிலிருந்து திரும்பியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் பின் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றினேன். ஜோடி 380 வெள்ளி (ரிங்கிட்), கூலி 150. வண்டி ஒரு நகக்கண் அளவுகூட நிமிரவில்லை.

என் கணக்கு இதுதான்: கடைக்காரர் போலி ஸ்பிரிங்கைத் தலையில் கட்டிவிட்டார். பினாங்கில் நல்ல ஸ்பிரிங் எங்கே கிடைக்கும்? பட்டர்வொர்த் பக்கம் என்றாலும் பாலம் தாண்டிப் போகத் தயார்.

5 மே, காலை

பதிவுக்குக் கீழே மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்: அளந்தாயா?

இல்லை. கண்ணால் பார்த்தேன். என் கண் நல்ல கண்தான்.

வண்டியின் பூர்வீகம் கேட்டவருக்கு: என் தாய்மாமாவுடையது. கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் கோஸும் தக்காளியும் போட்டவர். நம்பர் பிளேட் இன்றும் பகாங்கின் ‘சி’யில்தான் தொடங்குகிறது. முட்டி வலி வந்து தோட்டத்தைக் கைமாற்றிய பிறகு வண்டி என்னிடம் வந்தது. இப்போது ஆயர் ஈத்தாமில் என் வீட்டுப் பக்கவாட்டில் நிற்கிறது. மாதம் இரண்டு தடவை பாலேக் பூலாவில் ஒரு நண்பரின் டுரியான் தோட்டத்துக்கு ஏறும். மற்ற நாளெல்லாம் பூனைக்கு நிழல் தருகிறது.

5 மே, மாலை

சரி, அளந்துவிட்டேன்.

அப்பா கொத்தனார். கட்டடத்தில் இரண்டு தூண் ஒரே மட்டமா என்று பார்க்க அவரிடம் ஒரு நீளமான பிளாஸ்டிக் டியூப் இருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் தன் மட்டத்தைத் தானே காட்டும். அந்த வேலையைத்தான் செய்தேன். வெறும் தண்ணீர் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று கொஞ்சம் ரோஸ் சிராப் கலந்தேன். பின் மட்கார்ட் வளைவின் கீழ் விளிம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒப்பிட்டால் வலது பக்கம் 5 சென்டிமீட்டர் தாழ்வு. ஐந்து! கண்ணை நம்பினேன், கண் என்னைக் கைவிடவில்லை.

சிராப் கலக்காதீர்கள். போர்ச் முழுக்க எறும்பு.

6 மே

ஈப்போ தம்பி ஒருவர் கீழே எழுதியிருந்தார்: “அண்ணே, வண்டியை அப்படியே திருப்பி நிறுத்தி மறுபடி அளந்து பாருங்க.” வேலை முடிந்து வந்து திருப்பினேன். மூக்கு இருந்த இடத்தில் வால்.

2 சென்டிமீட்டர்.

ஒரே இரவில் வண்டிக்குக் குணமாகிவிடவில்லை. என் வீடு கார்னர் வீடு. பக்கவாட்டுத் தரை மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று கால்வாயை நோக்கிச் சரித்துப் போட்டது. அப்பாவே போட்டது, வேறு. இத்தனை வருடமும் வண்டியின் வலது பக்கம் கால்வாய் ஓரமாக நின்றிருக்கிறது. இரண்டு அளவையும் கூட்டிப் பாதியாக்கினால் வண்டியின் சொந்தச் சாய்வு: 3.5. இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் தரையின் பங்கு: 1.5. மட்டமான தரை தேடி அலைய வேண்டியதில்லை, திருப்பி நிறுத்தினால் போதும். இதைச் சொன்ன தம்பிக்கு ஒரு தே தாரிக் (ஆற்றிய டீ) கடன்.

3.5-உம் சின்னது இல்லை. போலி ஸ்பிரிங் என்ற வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

9 மே

மாமாவுக்குப் போன் போட்டேன். “வலது சீட்டுக்கு அடியில டூல் பாக்ஸ் இருக்கே, திறந்து பார்த்தியா?” என்றார்.

110-இல் டீசல் டேங்க் பின்னால் இருக்கிறது. இடது சீட்டுக்கு அடியில் பேட்டரி. வலது சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. வண்டி கைக்கு வந்ததிலிருந்து அதை நான் திறந்ததே இல்லை, மூடி துருவேறிப் பிடித்திருந்தது. சுத்தியலால் தட்டித் திறந்தேன். இழுவைச் சங்கிலி ஒன்று, டி ஷேக்கிள் நான்கு, கைப்பிடி இல்லாத சம்மட்டித் தலை, பழைய புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட், பூச்சிமருந்து தெளிக்கும் பம்பின் பித்தளை மூக்கு ஒரு கை நிறைய, அடியில் மண்ணோடு மண்ணாக ஒரு கோஸ் விதைப் பாக்கெட். குளியலறைத் தராசில் தவணை தவணையாக வைத்துப் பார்த்தேன்: 31 கிலோ.

எல்லாவற்றையும் இறக்கிய பிறகு சாய்வு 3.1. ஆக 31 கிலோ இரும்பு 4 மில்லிமீட்டர் சாய்த்திருக்கிறது. என் எடை 82. நான் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த எண்ணை மறக்காதீர்கள், பின்னால் வேலைக்கு வரும்.

11 மே

இன்று டயர். தரையிலிருந்து மட்கார்ட் வரை அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் அந்த அளவுக்குள் நுழைந்துவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டுக்கு அளக்க வேண்டும். அப்போது டயர் விலகிக்கொள்ளும், ஸ்பிரிங் சங்கதி மட்டும் மிஞ்சும்.

பின் இடது டயர் போன வருடம் பஞ்சராகி மாற்றியது, பட்டன் இன்னும் ஆழமாக இருக்கிறது. பின் வலது, மாமா காலத்துச் சொத்து. இரண்டும் 7.50ஆர்16தான், காற்றையும் சமமாக வைத்தேன். ஆனாலும் தரையிலிருந்து நடுப்புள்ளிக்கு இடது பக்கம் 7 மில்லிமீட்டர் கூடுதல். 3.1-இல் அது போனால் 2.4. முன்னால் இரண்டு டயரும் ஒரே வயது, நடுப்புள்ளிக் கணக்கில் அங்கே 2.3 வித்தியாசம்.

ஆக ஐந்தில் தொடங்கி இரண்டரைக்கு வந்துவிட்டேன். இன்னும் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை.

11 மே, பின்குறிப்பு

பின் வலது மட்கார்ட் நெளிந்திருப்பதை இப்போதுதான் கவனித்தேன். எப்போதோ கம்பத்தில் உரசியிருக்க வேண்டும். விளிம்பே 4 மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. டிஃபெண்டரின் மேல்கூடு அலுமினியம், கோபமாகப் பார்த்தாலே நெளியும். மேல்கூட்டை நம்பாமல் சேஸிஸ் கட்டையிலிருந்து ஆக்ஸிலுக்கும் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) அளந்துகொள்ளுங்கள், ஸ்பிரிங் முழுக்க அமுங்கினால் முட்டும் பம்ப் ஸ்டாப் ரப்பர் பக்கத்தில். அங்கே அளந்தால் கம்பத்துக் கதையெல்லாம் வராது.

12 மே

ஒருவர் வீல் அலைன்மென்ட் பார்க்கச் சொல்கிறார். ஐயா, என் வண்டி சாய்கிறது, இழுக்கவில்லை. ஸ்டீயரிங்கை விட்டால் நேராகத்தான் போகிறது. சாய்வதும் இழுப்பதும் வேறு வேறு வியாதி. தலைவலிக்குத் தைலம் தேய்க்கலாம், பல்வலிக்கு அதே தைலத்தைத் தேய்த்து என்ன பயன்?

இன்னொருவர் பழைய 110 ஸ்டேஷன் வேகனில் வரும் செல்ஃப் லெவலர் (சுமை ஏற்றினாலும் வாலைத் தூக்கிப் பிடிப்பது) போய்விட்டதா என்று கேட்கிறார். என்னுடையதில் அது கிடையாது. இருந்தாலும் அது பின் ஆக்ஸிலுக்கு மேலே நடுவில் உட்காரும் சாமான். செத்துப்போனால் வண்டியின் வால் தொங்குமே தவிர ஒரு பக்கம் சாயாது.

18 மே, சனி

இன்றைய சோதனையை விரிவாகவே எழுதுகிறேன். சுங்கை டுவாவில் இருக்கும் ஒரு பெரியவர், எஸ்டேட்டில் லேண்ட் ரோவர் ஓட்டிய காலத்து மனிதர், போனில் சொல்லிக்கொடுத்தது.

விஷயம் இதுதான். சேஸிஸ் ஒரு விறைப்பான சட்டம். முன் வலது மூலை தாழ்ந்தால் பின் வலதும் கூடவே தாழும். பின்னால் நின்று பார்ப்பவன் பின் ஸ்பிரிங்கைத்தான் திட்டுவான். நாற்காலியின் ஒரு கால் குட்டையாக இருந்தால் உட்கார்ந்தவனின் தோள் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். குட்டைக் கால் எது என்று தோளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் ஒரு முனையை விளையாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். முன் ஆக்ஸிலின் நடுவில் ஒரே ஒரு ஜாக்கி. இரண்டு முன் டயரும் தரையை விட்டு இரண்டு விரற்கடை எழும்பினால் போதும். இப்போது முன் ஆக்ஸில் ஒரு புள்ளியில் நிற்கும் தராசுத் தண்டு மாதிரி, எந்தப் பக்கமும் ஆடும். வண்டியை நிமிர்த்தவோ சாய்க்கவோ அதற்குத் தெம்பு கிடையாது. இனி சாய்வைத் தீர்மானிப்பது பின் ஸ்பிரிங் மட்டும்தான். சாய்வு அப்படியே இருந்தால் குற்றவாளி பின்னால். சாய்வு போனால் குற்றவாளி முன்னால்.

செய்வதற்கு முன் இரண்டு விஷயம். டிஃபெண்டரின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரம்மை, அதாவது பின் சக்கரங்களைச் சுழற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பினால் வண்டி ஹேண்ட்பிரேக் போட்டபடியே நகர்ந்துவிடும். அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், சும்மா செங்கல் வைக்காதீர்கள். இரண்டாவது, ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். வெளியே நின்றே அளக்கலாம். பக்கத்தில் ஸ்டாண்ட் இரண்டை ஆக்ஸிலில் படாமல் கொஞ்சம் கீழே வைத்துக்கொண்டேன், ஜாக்கி இறங்கினால் தாங்கிக்கொள்ளும் என்று.

அளந்தேன். பின் மட்கார்டில் சாய்வு பக்கம் மாறிவிட்டது, இப்போது இடது பக்கம் தாழ்வு. அப்படியே இருக்கவில்லை, போகவும் இல்லை. குற்றவாளி முன்னாலா, பின்னாலா என்று இதை வைத்து எப்படிச் சொல்வது?

19 மே

நேற்று எழுதிய அளவை விட்டுவிடுங்கள். தப்பு.

இரவு படுத்தபடி யோசித்தேன். ஜாக்கியை எங்கே வைத்தேன்? ஆக்ஸிலில் பல்சக்கரங்கள் உட்காரும் டிஃப் உருண்டைக்கு அடியில். அதுதான் கைக்கு வாகான இடம். ஆனால் லேண்ட் ரோவரில் டிஃப் நடுவில் இல்லை, வலது பக்கம் ஒதுங்கி இருக்கிறது. நடுவில் என்று நினைத்து வலது பக்கமாக முட்டுக் கொடுத்திருக்கிறேன். தராசை ஓரத்தில் பிடித்துக்கொண்டு எடை பார்த்த கதை.

இன்று டேப்பால் இரண்டு சக்கரத்துக்கும் நடு கண்டுபிடித்து, ஆக்ஸில் குழாயில் சாக்பீஸ் கோடு போட்டு, மரக்கட்டையில் பள்ளம் வெட்டி அதை ஜாக்கி மேல் வைத்து, மறுபடி தூக்கினேன். பின் மட்கார்ட் வித்தியாசம் 4 மில்லிமீட்டர். அந்த 4 என்ன என்று தெரியுமல்லவா? மட்கார்ட் நெளிவு! அதாவது பூஜ்ஜியம். முன் ஆக்ஸிலை ஆட்டத்திலிருந்து எடுத்ததும் வண்டி விறைப்பாக நிமிர்ந்து நின்றது.

அப்புறம் தலைகீழாகவும் செய்தேன். பின் ஆக்ஸில் நடுவில் ஜாக்கி, முன் சக்கரம் தரையில். முன்னால் சாய்வு குறைவதற்குப் பதிலாக ஏறிவிட்டது, கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். பின்னால் போட்ட புது ஸ்பிரிங் பாவம், இத்தனை நாளும் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கத்தான் பாடுபட்டிருக்கிறது.

குற்றவாளி முன்னால். நான் 530 வெள்ளி செலவழித்தது பின்னால்.

22 மே, விசாக தினம்

மழை. வேலை ஓடவில்லை, பேசத்தான் முடியும்.

80 சீரிஸ் லேண்ட் குரூசர் வைத்திருக்கும் நண்பர் தன் வண்டியும் டிரைவர் பக்கம் சாயும் என்கிறார். அந்த வண்டிக்கு அது தெரிந்த வியாதிதான். முன் டிரைவர் பக்க ஸ்பிரிங்குக்கு மேலே 10 மில்லிமீட்டர் தடிமன் வளையம் (பேக்கர்) வைத்துச் சரிசெய்கிறார்கள். முன்னால் காயிலுக்குப் பதில் முறுக்குத் தண்டு (டோர்ஷன் பார்) வைத்த பழைய பஜேரோ, ஹைலக்ஸ்காரர்களுக்கு இன்னும் சுகம், அடியில் போல்ட்டைத் திருகினால் முன் மூலை ஏறும், இறங்கும். ஆனால் காரணம் பார்க்காமல் திருகுவது, காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை உதறிவிட்டுக் குணமாகிவிட்டது என்பது மாதிரி.

எங்கள் வண்டிக்குத் தனிக் கதை இருக்கிறது. இரண்டு பக்க ஸ்பிரிங்கும் ஒன்றல்ல என்பது லேண்ட் ரோவரில் பழைய சங்கதி. பட்டை ஸ்பிரிங் வைத்த சீரிஸ் வண்டிகளிலேயே டிரைவர் பக்கப் பட்டைக்கு வளைவு கூடுதல். ஏனென்றால் வண்டியில் எப்போதும் ஒரு ஆள் இருப்பது நிச்சயம், அவர் உட்காரும் பக்கமும் நிச்சயம். போதாததற்கு ஸ்டீயரிங் பாக்ஸும் அந்தப் பக்கம்தான். 1983-இல் காயில் ஸ்பிரிங்கோடு 110 வந்தபோதும் முன்னால் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. டிரைவர் பக்கத்துக்கு ஒன்று, பயணி பக்கத்துக்கு வேறொன்று. அடையாளத்துக்குக் காயிலில் வண்ணக் கோடு போட்டு அனுப்புவார்கள், சேறும் துருவும் பட்டு நாலு வருடத்தில் அழிந்துவிடும். இதில் இன்னொரு வலை: இடது பக்கம் ஸ்டீயரிங் இருக்கும் நாட்டிலிருந்து கழற்றி வந்த பழைய செட் என்றால் இடம் வலம் மாறியிருக்கும்.

என் சந்தேகம்: 2019-இல் கிளட்ச் மாற்றிய ஃபோர்மன் (மெக்கானிக்) முன்னாலும் கை வைத்து எதையோ மாற்றிப் போட்டிருக்கிறார். ஆளின் பெயரெல்லாம் வேண்டாம். மனிதர் வாயில் சிகரெட்டோடு வேலை பார்ப்பவர், பார்த்தாலே தெரியும்.

25 மே

முன் அப்சோர்பர் (அதிர்வு அடக்கி) கூண்டைப் பக்கத்துக்கு நான்காகப் பிடிக்கும் எட்டு நட்டுக்கும் இரண்டு நாள் முன்பே துரு எண்ணெய் ஊற்றி வைத்தேன். எட்டில் மூன்று ஸ்டட் உடைந்தது. எல்லோருக்கும் உடையும், ஸ்டட் பொருத்திய புது வளையம் இரண்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலை ஜாக்கியால் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தானே தளர்ந்து கையோடு வரும். ஆக்ஸில் பிரேக் ஹோஸில் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வலது பக்கம் வந்துவிட்டது. இடது பக்கம் அடம் பிடித்தது, இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று ஆக்ஸிலைச் சேஸிஸோடு பிடிக்கும் இடது ரேடியஸ் ஆர்மின் ஆக்ஸில் பக்கத்து இரண்டு போல்ட்டையும் தளர்த்தினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்சோர்பரைக் கையால் அமுக்கி இழுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி அடக்கமாகப் போய் வந்தன, எதுவும் சிக்கிப் பிடித்திருக்கவில்லை. ஸ்பிரிங் உட்காரும் தட்டில் துரு இருக்கிறது, ஓட்டை இல்லை.

26 மே

இரண்டு ஸ்பிரிங்கையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, சமையலறை டைல்ஸில் பக்கம் பக்கமாக நிறுத்தினேன். வீட்டில் அந்தத் தரைதான் மட்டம். மனைவி சுடுதண்ணீர் வைக்க வந்தவள் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணு உசரம்ங்க” என்றாள். டேப் எடுப்பதற்கு முன்பே.

12 மில்லிமீட்டர் உயரம். எது உயரம்? இடது பக்கத்திலிருந்து வந்தது. டிரைவர் பக்கம் இருக்க வேண்டியது பயணி பக்கம் இருந்திருக்கிறது. கடைசிச் சுற்றின் உள்வளைவில் துருவுக்கு நடுவே வண்ணத்தின் மிச்சம்கூட இரண்டிலும் வேறு வேறாகத் தெரிந்தது.

உடையவில்லை, தளரவில்லை, போலியும் இல்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. மாற்றிப் போட்டேன். காயிலின் முனை தட்டில் அதற்குரிய பள்ளத்தில் போய் முட்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஜாக்கியை ஏற்றினேன். செலவு: உடைந்த ஸ்டட்டுக்கு வளையம், அவ்வளவுதான்.

27 மே

ரவுண்ட் அடித்துவிட்டு வந்து அளந்தேன். வலது பக்கம் இன்னும் 3 மில்லிமீட்டர் தாழ்வு.

“அது போதும், விடுங்க அண்ணே” என்கிறார்கள். போதாது. வண்டி காலியாக நிற்கும்போது டிரைவர் பக்கம் ஒரு பொடி உயரமாக இருக்க வேண்டும், ஆள் ஏறினால் சமமாக வேண்டும். 31 கிலோவுக்கு 4 மில்லிமீட்டர் என்று எழுதினேனே, அந்தக் கணக்கில் நான் ஏறினால் இன்னும் ஒரு சென்டிமீட்டர் சாயும். எதுவோ இடது பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது.

1 ஜூன்

கண்டுபிடித்தேன். 25-ஆம் தேதி நானே எழுதி வைத்திருக்கிறேன்.

இடது ரேடியஸ் ஆர்ம் போல்ட். தளர்த்தினேன், ஸ்பிரிங் போட்டேன், ஆக்ஸில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கினேன். அந்தப் போல்ட் நுழையும் புஷ்ஷுக்கு நடுவில் இரும்புக் குழாய், சுற்றி ஒட்டிய ரப்பர். எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டு ஆக்ஸிலைக் கீழே தள்ளப் பார்க்கும். இடது பக்கம் எழும்பும், வலது பக்கம் தாழும்.

வண்டியைத் தன் காலில் நிறுத்தினேன். அந்த இரண்டு போல்ட்டையும் தளர்த்தினேன். பம்பரில் ஏறி நின்று பத்து தடவை குதித்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஜன்னலைச் சாத்தினார். அப்படியே தரையில் நின்றபடி இறுக்கினேன்.

வலது பக்கம் 4 மில்லிமீட்டர் உயரம். நான் ஏறி உட்கார, மனைவி டேப் பிடிக்க: இடது பக்கத்தைவிட 6 மில்லிமீட்டர் தாழ்வு. பக்கத்தில் அவளும் ஏறினால் சமம் என்று வைத்துக்கொள்கிறேன். எடையைக் கேட்டு எழுதும் தைரியம் இல்லை.

2 ஜூன்

ஸ்பிரிங் கடைக்காரரைப் போலி என்று முதல் நாளே எழுதிவிட்டேன். அந்த வார்த்தையை வாபஸ் வாங்குகிறேன். கழற்றி வைத்திருந்த பழைய பின் ஸ்பிரிங்குகளையும் அதே டைல்ஸில் நிறுத்தினேன், இரண்டும் ஒரே உயரம். அவற்றில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஸ்டோரில் எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டேன். யாருக்காவது வேண்டுமென்றால் வந்து பார்க்கலாம். இனாம் இல்லை, ஆனால் பேசிக்கொள்ளலாம்.

16 ஜூன்

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த ஃபோர்மனைப் பற்றி இங்கே எழுதியது உறுத்துகிறது.

பழைய போனில் படங்களைத் துழாவிக்கொண்டிருந்தேன். டிசம்பர் 2016, ரிங்லெட், மாமாவின் கொட்டகை. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போயிருந்தபோது முன் அப்சோர்பர் மாற்றினோம். கூண்டைக் கழற்றும் சாக்கில் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துத் துரு தேய்த்தது இப்போது நினைவுக்கு வருகிறது. படத்தில் கோஸ் மூட்டைச் சாக்கு ஒன்று விரித்திருக்கிறது, அதன் மேல் இரண்டு முன் ஸ்பிரிங்கும் ஜோடியாகப் படுத்திருக்கின்றன. எது வலது, எது இடது என்று ஒரு சாக்பீஸ் குறிகூட இல்லை. அவற்றுக்குப் பக்கத்தில் ஸ்பேனரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஏதோ புலியைச் சுட்டவன் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பது நான்.

ஏழரை வருடம்.

ஃபோர்மனிடம் நேற்றுப் போய் ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே குடித்தார்.

13 ஜூலை

மாமா டுரியான் சாப்பிடப் பினாங்கு வந்திருந்தார். பாலேக் பூலாவுக்குக் கூட்டிப் போனேன். தோட்டத்து ஏற்றத்தில் நானே ஓட்டினேன், திரும்பும்போது சாவியை அவரிடம் கொடுத்தேன். பின்னால் நான்கு கூடை, நடுவில் சரியாகக் கட்டி வைத்தது.

தெலுக் பகாங் வளைவுகளில் இரண்டு தடவை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தோளைக் குலுக்கிக்கொண்டார். அப்புறம் ஓரமாக நிறுத்தி இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார்.

“ஏன்டா, வண்டி நல்லாத்தானே இருந்துச்சு? இப்ப எடது பக்கமா சாயுதே, என்ன பண்ணி வச்ச?”